பத்து எண்ணும்வரை

பொம்மைத் துப்பாக்கியின் வாயில் மறுபடியும் கரி படிந்திருந்தது.

ஜீவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியால் நேற்று முழுக்கக் குடைந்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் அவன்தான். ஆனால் இந்தச் சனிக்கிழமை மத்தியானம், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் சன்னலுக்கு வெளியே மழை சளசளத்துக்கொண்டிருக்க, அலமாரியைத் திறந்ததும் பொட்டு வெடியின் கந்தக நெடி சுடச்சுட மூக்கில் ஏறியது. வீட்டில் பொட்டு வெடி ஒரு சுருள்கூடக் கிடையாது. பழைய பொம்மைத் துப்பாக்கிகளைச் சேர்ப்பவன் எவனும் அதை வெடித்துப் பார்ப்பதில்லை. வெடித்தால் உலோகம் அரித்துப்போகும். இருக்கிற நாற்பத்தொன்றில் இது ஒன்றுதான் இப்படி உயிரை வாங்கியது.

கிள்ளானில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தம்புசாமியிடம் வாங்கியது. வெடியை அடிக்கும் சுத்தி எழும்பாதபடி செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்க வேண்டாம் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். கம்பி கட்டிய துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள் என்பது இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்த ஜீவன், வீட்டுக்கு வந்த முதல் வேலையாக அதை வெட்டி எறிந்தான். அதற்கப்புறம் துடைப்பதும் கரி படிவதுமே பிழைப்பாகிவிட்டது. மனைவி புனிதா சனிக்கிழமையும் பங்சாருக்கு வேலைக்குப் போய்விடுவாள். மிச்சம் இருப்பது ஆறு வயது மகள் விஷ்ணுப்ரியா. வேறு யாரைச் சந்தேகப்படுவது?

கூப்பிட்டு அதட்டினான். அவள் அழவில்லை. அலுத்துக்கொண்டாள்.

“நான் சுடலப்பா. நான் விழுற ஆளு. அது சுட்டா விழணும். அது பத்து எண்ணுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுலா.”

“எது?”

அவள் அலமாரியைப் பார்த்தாள்.

கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எரிச்சலோடு துடைத்தான், வைத்தான், பூட்டினான். இழுத்துப் பார்த்தான். சாவி பைக்குள் போனது.

டப்.

கண்ணாடிக்குள் மெல்லிய புகை. பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். விஷ்ணுப்ரியா தரையில் மல்லாந்து கிடந்தாள்.

“எந்திரிம்மா. விளையாட்டு போதும்.”

நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கண்கள் மட்டும் அவனையே பார்த்தன.

அலமாரிக்குள் ஒரு சின்னக் குரல் மலாய் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியது. சத்து. டுவா. தீகா. அவசரமே இல்லை அதற்கு. ஜீவன் மகளைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. தரையே அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை ஒன்பதுக்கு வந்தது. பத்து வரவில்லை.

டப்.

மறுபடியும் சத்து.

அவள் உதடு நீலம் பாய்ந்தது. ஜீவன் முழங்கையால் கண்ணாடியை உடைத்தான். துப்பாக்கியைப் பிடுங்கினான். சுத்தி எழும்பாதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். இருந்த பலத்தை எல்லாம் போட்டு.

எண்ணிக்கை நிற்கவில்லை. ஏழு. எட்டு.

ஒன்பது.

அவன் கட்டைவிரலுக்கு அடியில், சில்லென்று, இன்னொரு சின்னக் கட்டைவிரல் நுழைந்தது. அவன் விரலையும் சேர்த்துச் சுத்தியை மெல்லப் பின்னுக்கு இழுத்தது.