சேர்மானம்

2023 மே 9, ஜார்ஜ்டவுன். ஒரு தனியார் மருத்துவமனையில் லீனாவின் அடிமுதுகில் இரண்டு எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். நான்கு டைட்டானியம் திருகுகள், நடுவே ஒரு சிறு கூண்டு, கூண்டுக்குள் எலும்பு வங்கியிலிருந்து வந்த, இறந்துபோன ஒருவரின் எலும்புத் துகள். படிவத்தில் ‘ஆண், 34’ என்று மட்டும் இருந்தது. அவள் கணவன் லாரன்ஸுக்கு ஐம்பத்தொன்று.

“அது கட்டடத்துக்குக் கட்டற சாரம் மாதிரிதான் அண்ணே. அதைப் பிடிச்சுக்கிட்டு அக்காவோட எலும்பு வளரும்,” என்றார் டாக்டர் ஹரீஷ்.

ஆகஸ்டில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “நல்லா சேர்ந்துக்கிட்டு வராங்க. உங்க ரெண்டு பேரைவிட பொருத்தம்லா.”

லீனாவும் சிரித்தாள். லாரன்ஸ் எது சொல்லியும் அவள் அப்படிச் சிரித்து வருடங்கள் ஆகியிருந்தன. ‘சேர்ந்துக்கிட்டாங்க.’ வீட்டை விட்டு இன்னொருவனோடு போனவளைப் பற்றி அவர்கள் குடியிருக்கும் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் சொல்கிற வார்த்தை அது.

மாக் மண்டின் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து அவன் வீடு திரும்பும் பிற்பகல்களில், மின்விசிறியின் கிறீச்சொலிக்கும் தைல வாசனைக்கும் நடுவே, எப்போதும் அவன் பக்கம் முதுகு காட்டிப் படுப்பவள் இப்போது முதுகைச் சுவரோடு ஒட்டி, யாருடைய கையையோ மூடியிருப்பதுபோல இடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் படுத்திருந்தாள். டக், டக். சத்தம் கீழே இருக்கும் பட்டறையிலிருந்து அல்ல; அது சாப்பாட்டு நேரத்துக்கு மூடியிருந்தது. அவள் நகம் கட்டில் சட்டத்தில் பதில் சொன்னது. டக், டக்.

தழும்பின் மேல் கை வைத்தான்.

“தொடாதீங்க.”

“வலிக்குதா?”

“இல்ல.”

அந்த மாதம் அவள் கல்யாண மோதிரம் காணாமல் போனது. “மெலிஞ்சுட்டேன்ல. கழண்டிருக்கும்.” அவன் குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்து, முழங்கை வரை விட்டுத் தேடினான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். பூசையில் வாசிப்பதற்காக இறந்தவர்களின் பெயரைக் காணிக்கை உறைமேல் எழுதிக் கொடுப்பார்கள். அவன் அம்மாவின் பெயருக்குக் கீழே, லீனாவின் கையெழுத்தில்: பிரவின்.

“யாரு இது?”

“எலும்பு குடுத்தவரு.”

“பேரு சொல்லவே மாட்டாங்களே.”

அவள் நிமிரவில்லை. “அவரே சொன்னாரு.”

அவளுக்குத் தெரியாமல் உறையைக் கிழித்தான். வேறு உறையில் அம்மாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தான்.

பூசையில் ஃபாதர் பெயர்களை வாசித்து முடித்தார். பிரவின் என்ற பெயர் வரவில்லை. லீனா நேராக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். அவள் முதுகுக்குள் தட்டல். வேகமாக. நிற்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 9. எக்ஸ்ரே. நான்கு திருகுகள். கூண்டு. கூண்டிலிருந்து கிளம்பி, முதுகெலும்பைச் சுற்றி வளைந்த ஐந்து மெல்லிய எலும்புகள். ஒவ்வொன்றிலும் மூட்டுகள். நான்காவதில், மோதிர அளவில், ஒரு வெள்ளை வளையம்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. லீனா சிரித்தாள்.

அறிக்கையில் ஒரே வரி இருந்தது: எலும்பு முழுமையாகச் சேர்ந்துவிட்டது.