இருட்டில் முப்பது மைக்

"அய்யோ... மாஸ்டர்!"

ஸ்பீக்கரில் அலறல் தெறித்தது. சவுண்ட் இன்ஜினீயர் பட்டனைத் தட்டி ஒலிப்பதிவை நிறுத்தினார்.

காலை பதினோரு மணி, டீ இடைவேளை. திடீரென்று அரங்கத்து விளக்குகள் அணைந்தன. மூன்று நிமிடம் கழித்து எரிந்தபோது, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் மாஸ்டர் மேடையில் மண்டை பிளந்து கிடந்தார்!

அப்போது அரங்கத்தில் இருந்தவன் ஒரே ஒருவன். டீக்குப் போகாமல் உர்ரென்று உள்ளேயே இருந்த வயலின்காரன். இன்ஜினீயரின் கூடப்பிறந்த தம்பி.

"'நாளையிலேர்ந்து வராதே'ன்னு மாஸ்டர் காலையில எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கார். அந்த ஆத்திரத்துல போட்டுத் தள்ளிட்டான்!" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியால் விசிறியபடி. "கேஸ் முடிஞ்சுது."

"நான் இல்லண்ணா! லைட் வந்ததும் பார்த்தேன், கத்தினேன்... அவ்ளோதாண்ணா!" விலங்கு மாட்டிய கைகளோடு தம்பி விம்மினான்.

தாயில்லாப் பிள்ளை. தோளில் தூக்கி வளர்த்தவர் இன்ஜினீயர். தம்பி செய்யவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்து என்ன... நிரூபிக்க வேண்டுமே!

"சார், இந்த ரூம் பேட்டரியில ஓடுது. லைட் போனாலும் ரெக்கார்டிங் நிக்கல. முதல்லேர்ந்து கேளுங்க."

காலடிகள்... 'ணங்'! ஒரு முனகல்... திரும்பிப் போகும் காலடிகள்.

"இதுல என்னய்யா இருக்கு?"

"இல்லாததைக் கேளுங்க சார்! மாஸ்டர் தலைக்கு மேல ரெண்டு, வயலின் பக்கம் நாலு, செல்லோவுக்கு மூணு... மேடை பூரா முப்பது மைக். தரையெல்லாம் ஒயர். நல்ல வெளிச்சத்துலயே இவன் காலையிலேர்ந்து மூணு ஸ்டாண்டை இடிச்சுட்டான். லேசா உரசினாலே 'டொம்'முன்னு பதிவாகும். கும்மிருட்டுல ஒரு இடி கூட இல்லியே! வாசிக்கிறவன் எவனாலயும் இது முடியாது சார்!"

இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை போட்டுக் கேட்டார். எழுந்துபோய்த் தம்பியின் விலங்கைக் கழற்றினார்.

"நியாயந்தான். அப்போ எந்த ஸ்டாண்ட் எங்க நிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றவன்தான் நடந்திருக்கணும். மைக்கெல்லாம் வெச்சது யாரு?"

"நான்தான் சார். தனி ஆளா, இஞ்ச் டேப் பிடிச்சு வெச்சேன். லைட்டை அணைச்சதும் நான்தான்." இன்ஜினீயர் கைகளை நீட்டினார். "என் தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டா சும்மா விடுவேனா? ஆனா பழி அவன் தலையிலயே விடியும்னு நெனக்கல..."

"அண்ணா!"

"அழாதடா. போய் வயலினை எடு."

இன்ஸ்பெக்டர் அவரை மேடை வழியாக நடத்திக்கொண்டு போனார். அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

டமார்!

இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் பட்டு ஒரு ஸ்டாண்ட் குப்புற விழுந்தது.

இன்ஜினீயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார்... நீங்களும் நிரபராதிதான்!"