மாடியறை விசாரணை

மயிலாத்தாள் தன் கணவன் ஐயாசாமியுடன் ஆர்.எஸ்.புரத்தில் இருந்த ஷேக் பரீத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தபோது, அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. மறுநாள் கோர்ட் அமீனா கிணத்துக்கடவுக்கு வந்து, இறந்துபோன அவள் தம்பி வேலுமணியின் தென்னைநார் மில்லைக் கைப்பற்றி, கூட்டாளி தமிழ்வேந்தனிடம் ஒப்படைக்கப்போகிறார்.

கூட்டாளிகளின் தகராறை ஒரு நடுவர் இணையவழியில் விசாரித்திருந்தார். மில்லை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று வேலுமணி அதில் சொல்லிவிட்டான். அப்படியே தீர்ப்பும் ஆனது. ஆனால் விசாரணை நடந்த அன்று மாலையே நார் உரிக்கும் இயந்திரத்தினடியில் அவன் பிணமாகக் கிடந்தான். மண்டை பிளந்து, வலது முழங்கை நொறுங்கியிருந்தது. இயந்திரம் இழுத்துவிட்டது என்று போலீஸ் வழக்கை முடித்தது. வாரிசான அக்காமீது தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் இப்போது உத்தரவிட்டிருந்தது.

“உசுரே போனாலும் மில்லைக் குடுக்கமாட்டேன்னவனுங்க. எப்படிச் சம்மதிச்சிருப்பான்?” என்றாள் மயிலாத்தாள்.

பரீத் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், நிதானமானவர். அவர் ஐயாசாமியை விசாரித்தார். நெட் நன்றாகக் கிடைக்கும் என்று தங்கள் வீட்டு மாடியறையில்தான் மச்சினனை உட்காரவைத்ததாகவும், கூடத் தான் ஒருவனே இருந்ததாகவும், முடிந்ததும் அவனை நல்லபடியாக மில்லில் இறக்கிவிட்டதாகவும் ஐயாசாமி சொன்னான்.

“சத்தியம் பண்ணுனதைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனுங்க. வலது கையத் தூக்கித்தானுங்க பண்ணுனான்.”

பரீத்தின் உதவியாளன் எழில், துடிப்பான இளம் வக்கீல். நடுவரிடம் வாங்கி வைத்திருந்த ஒளிப்பதிவை அவன் மடிக்கணினியில் ஓடவிட்டான். வேலுமணியின் முகமெல்லாம் வேர்வை. வலது கையை உயர்த்தி உறுதி கூறும்படி நடுவர் சொன்னார். உயர்ந்தது இடது கை.

“கேமராவுல எடம் வலமா மாறித் தெரியுமுங்க,” என்றான் ஐயாசாமி.

பரீத் படத்தை நிறுத்தி, வேலுமணிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

“படம் மாறியிருந்தா இந்த எழுத்தும் திரும்பியிருக்கோணுமுங்க. நேராத்தான் இருக்குது. யாராச்சும் இடது கையில சத்தியம் பண்ணுவாங்களா? வலது கையத் தூக்க முடியலைங்க. மில்லுக்குப் போறதுக்கு முன்னாலயே அது ஒடஞ்சுபோச்சு. அப்ப கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான்.”

ஐயாசாமி நாற்காலியைத் தூக்கி எழிலின் தலையில் அடித்தான். ரத்தம் கண்ணை மறைத்தபோதும், ஓடப்பார்த்த அவன் காலை எழில் எட்டிப் பிடித்துக்கொண்டான். இருவரும் கண்ணாடி அலமாரிமேல் விழுந்தார்கள். எழிலின் கழுத்தை நெரித்த ஐயாசாமியின் கையைப் பரீத் முறுக்கிப் பின்னால் மடக்கி, அவன் முதுகில் முழங்காலை ஊன்றினார்.

மூச்சிரைக்க அவன் ஒப்புக்கொண்டான். தமிழ்வேந்தன் மில்லில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தான். ஐயாசாமி இரும்புக் குழாயால் கையை உடைத்து, அடுத்த அடி தலையில் என்று மிரட்டித்தான் வேலுமணியைக் கேமரா முன்னால் உட்காரவைத்தான். வெளியே சொல்லிவிடுவானோ என்று பயந்து, மில்லில் வைத்து மண்டையையும் உடைத்தான்.

நெற்றியில் துண்டை அழுத்தியபடி, இந்தத் தீர்ப்பை இனி எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றாது என்றான் எழில். மயிலாத்தாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கணவனுக்கு அருகில் வந்து குனிந்தாள்.

“ஏனுங்க, அன்னிக்கு மாடியில சத்தம் கேட்டு நான் கூப்பிட்டப்ப, பீரோவ நகர்த்தறோம்னீங்களே. அப்பத்தானுங்களா?”

ஐயாசாமி தரையைப் பார்த்தபடி ஆமென்று தலையசைத்தான்.

அவள் நிமிர்ந்து பரீத்தைப் பார்த்தாள்.

“போலீசுக்குச் சொல்லுங்க. அந்தச் சத்தத்துக்கு நானே சாட்சி சொல்றேனுங்க.”