பூட்டிய வீட்டுக்குள் அம்மை

வாசலில் வேப்பிலை, நாதாங்கியில் பூட்டு. சுந்தரவல்லிக்கு அது சரியாகப் படவில்லை. அம்மை கண்ட வீட்டை வெளியே பூட்டிவிட்டு யார் போவார்கள்?

அறுபத்தேழாம் வருஷம், தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கார்ப்பரேஷனில் அம்மை குத்தும் வேலை அவளுக்கு. மாம்பலத்துச் சந்தில், ஊசிப்பெட்டியை இடுக்கியபடி, அந்த வீட்டைச் சுற்றிப்போய்க் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் தங்கம், ஜவுளிக்கடை கணேசமூர்த்தியின் மனைவி. மகளுக்குச் சின்னம்மைதான், தண்ணீரும் ஊற்றியாயிற்று என்றாள். பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு, வந்துபோகிறவர்கள் தொல்லை என்றாள். கேட்காமலே அதை மறுபடியும் சொன்னாள்.

மகளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள் சுந்தரவல்லி. நெஞ்சில் நாலைந்து காய்ந்த பொட்டு, கையில் தடுப்பூசித் தழும்பு. சின்னம்மையேதான். திரும்பிவிடலாம். ஆனால் கூடத்தில் மண்டியிருந்த சாம்பிராணிப் புகைக்கு அடியில், ஈரத்தோலைப் பானையில் போட்டு மூடிவைத்தது போல ஒரு வாடை கனத்துக் கிடந்தது. தொத்துநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் அவள் மூக்கோடு ஒட்டிக் கிடந்த வாடை அது. மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உள்ளறையில் வேறு யார் என்று கேட்டாள்.

"துணி மூட்டைதான் கெடக்கு நர்சம்மா."

சொன்னவள் போய்க் கதவை மறைத்து நின்றாள். உள்ளே ஏதோ கடகடவென்று ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

தங்கத்தின் தோளைத் தொட்டு விலக்கினாள் சுந்தரவல்லி. அவள் தடுக்கவில்லை. அழத் தொடங்கியிருந்தாள்.

"நாத்தனார்தாம்மா, கடைக்குத் துணி தைக்கிறவங்க. பத்து நாளாச்சு. தீபாவளிச் சரக்கு நிக்கக்கூடாதுன்னுட்டார். பூட்டிட்டுப் போறதும் அவர்தான்."

பெரியம்மைக்கு மருந்து கிடையாது; உதிரும் பொருக்கு ஒட்டிய துணிகூட அதைப் பரப்பும். நோய் தொற்றியவர்களுக்கு நாலு நாளுக்குள் அம்மை குத்தினால் தப்ப வழியுண்டு. யார் யாருக்கென்று தெரிந்தால்தானே?

"தைச்சதெல்லாம் எங்கே?"

"தினம் கடைக்குப் போயிருது. அன்னன்னைக்கே வித்துருது."

கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் அடைத்த அறை. தையல் மிஷின். அதன் முன்னால் நாத்தனார் இசக்கியம்மாள். முகத்தில் இடம் மிச்சமில்லை. எல்லாம் ஒரே அளவுக் கொப்புளங்கள், ஒன்றாகக் காய்ந்து பொருக்காகியிருந்தன. இமைகள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தன. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

வந்திருப்பது தங்கம் என்று நினைத்தாளோ என்னவோ, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தைத்து முடித்ததைத் தூக்கி நீட்டினாள். ரோஸ் நிறக் கவுன், ஒரு வயதுக் குழந்தை அளவு. பிறகு அதை மடியில் போட்டு, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினாள். கை போன வழியெல்லாம் பொருக்கு உதிர்ந்தது. கழுத்துச் சரிகையில் ஒட்டியதை வாயால் ஊதினாள். அழகாக மடித்தாள். அட்டைப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த கவுனை எடுத்தாள்.