பின்வாசல் எதிரில் ஒரு தையல்கடை

காலை ஆறரை மணி. மருமகள் தேநீர்க் கோப்பையோடு மாமனாரின் அறைக்குள் போனாள். வழக்கமாக அந்நேரத்துக்குக் கிழவர் செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கும் நம்ம படம் வரலம்மா, தேநீர் போடு" என்று குரல் கொடுத்திருப்பார். இன்று குரல் இல்லை. அவள் தோளைத் தொட்டாள், உலுக்கினாள். கை சில்லென்று இருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாத மூச்சு. கோப்பை நழுவித் தரையில் உடைந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்துவிட்டது.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஸ்டேஷனில் அவளுக்கு 'சல்லடை' என்று பெயர். எதைச் சொன்னாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வந்தது. முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள், ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு வசதி இருந்தது.

"விஷமா?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டியூட்டி டாக்டரைக் கேட்டாள். தூங்காத கண்களோடு நின்ற சின்னப் பெண் அந்த டாக்டர்.

"மாத்திரை மேடம். எந்த மாத்திரைன்னு தெரியல. ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கு. முடிவு நாளைக்குத்தான் வரும்."

"அதுவரைக்கும்?"

"தாங்க மாட்டார். நாடி இறங்கிக்கிட்டே போகுது. சாயங்காலத்தைப் பார்ப்பாரான்னே சந்தேகம். என்ன போச்சுன்னு மட்டும் தெரிஞ்சா, அதுக்குன்னு இருக்கிற மருந்தைத் தைரியமா ஏத்துவேன். தெரியாம எதையாவது ஏத்தி வெச்சா நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

வராந்தாவில் ஒரு பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. கிழவரின் மகள், அதாவது மருமகளின் நாத்தனார், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவை முழுங்கிட்டு நிக்கிறா பாருங்க! முந்தாநாள் போன்ல என் காதாலயே கேட்டேன், 'உங்களோட மாரடிச்சே என் உசிரு போகுது'ன்னு கத்தினா. குப்பைக் கூடையில இவளோட தூக்க மாத்திரை அட்டை காலியாக் கிடக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? கையில விலங்கை மாட்டுங்க!"

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். கணவன் கப்பலில் வேலை. நடுக்கடலிலிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. அவனும், "நீதானே கூட இருந்தே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

நாத்தனாரின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார் தாடி வைத்த ஒரு பெரியவர். கிழவர் வீட்டுத் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். கிழவருடன் மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நிழல்'. கிழவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார், அதைக் கேட்டு வீடும் அப்படியே கூப்பிட்டது.

"தூக்க மாத்திரைதான்மா, சந்தேகமே இல்ல" என்றார் நிழல். "அந்தப் பொண்ணு தூக்கம் வரலன்னு அழுதா. நான்தான் எழுதிக் கொடுத்தேன். இப்படிப் பண்ணுவான்னு கனவு கண்டேனா?"

"உங்களுக்கும் அவருக்கும் ரொம்ப நாள் பழக்கமோ?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"ரொம்ப நாளா? எங்க முதல் வெள்ளைக் கோட் ரெண்டும் ஒண்ணாத்தான் தைச்சோம். காலேஜ் பின்வாசலுக்கு எதிர்ல ஒரு தையல்கடை. கடைக்காரன் வாயில ஊசியைக் கவ்விக்கிட்டே பேசுவான். நடுவுல பிரிஞ்சுட்டோம், நான் வெளியூர் போயிட்டேன். இவர் மகன் வீட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பவும் பார்த்துக்கிட்டோம். இதுக்குத்தான் பார்த்தோமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டியூட்டி டாக்டர் இன்ஸ்பெக்டரை ஓரமாக இழுத்தாள். "மேடம், அந்த அட்டையில இருந்தது லேசான மாத்திரை. முழு அட்டையையும் விழுங்கினாக்கூட நாடி இப்படி விழாது. ஆனா அந்தப் பெரியவர் அனுபவஸ்தர், அடிச்சுச் சொல்றார். என்னை நானே நம்புறதா, அவரை நம்புறதான்னு புரியல."

"உங்களை நம்புங்க" என்றாள் சல்லடை. மருமகளைப் பார்த்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது மருமகள் படியில் நின்று திரும்பினாள். "மேடம், அவர் கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் தப்பிப்பேன். ஆனா சத்தியமா அதுக்காக இல்ல. அவர் கண்ணைத் திறக்கணும். அவ்வளவுதான்."

கிழவரின் அறை சின்னது. கட்டில், மேசை, நாற்காலி. கண்ணாடிக் கூட்டில், தண்ணீர்ச் செம்பில், கைத்தடியின் பிடியில் என்று எல்லாவற்றிலும் மையால் வரைந்த ஒரு காக்கா. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய காக்கா.

"இதென்ன?"

"அவர் பொருளுக்கெல்லாம் அதான் காவலாம். காலேஜ்லயே அவர் பேர் காக்காதான். படம் வரைஞ்சா மூலையில ஒரு காக்கா உட்கார்ந்திருக்குமாம்."

"என்னென்ன மாத்திரை சாப்பிடுவார்?"

"ஒண்ணும் கிடையாது. பிரஷர்கூட இல்ல. டாக்டரா இருந்துட்டு மாத்திரைன்னாலே ஓடுவார்."

"நேத்து சாயங்காலம் யார் வந்தது?"

"நிழல் டாக்டர் மட்டும்தான். வாரா வாரம் வருவார். நான் தேநீர் போட்டேன். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது, 'நீ பேசும்மா, நான் எடுத்துட்டுப் போறேன்'னு அவரே தட்டைத் தூக்கிட்டுப் போனார். நல்ல மனுஷன்."

"அடுக்களைக்குள்ளேயே வந்தாரா?"

"ஆமா." அவள் அடுக்களைப் பக்கம் கை காட்டினாள். "என் மாத்திரை அங்கதான் அலமாரியில இருந்தது. பாதி அட்டை மிச்சம் இருந்தது மேடம். நான் தொடவே இல்ல. யார் நம்புவா?"

சல்லடையின் கண் மேசைக்குப் போனது. மேசை மேல் கெட்டி அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் கிடந்தது. மருத்துவக் கல்லூரியின் ஆண்டு மலர். கிழவர் படித்து முடித்த வருடத்தது.

"இதை எதுக்கு எடுத்து வெச்சிருக்கார்?"

"ஒரு வாரமா அதையேதான் புரட்டிக்கிட்டு இருந்தார். போன வாரம் நிழல் டாக்டர் வந்து பழங்கதை பேசினப்போ, மாமா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். அவர் போனதும் என்கிட்ட, 'அந்தக் கடையில தைச்சுப் போட்டவன் எவனும் தன் கால்ல நடந்து போனதில்லம்மா'ன்னு சொன்னார். அடுப்புல பால் பொங்கிக்கிட்டிருந்தது, நான் என்னன்னு கேக்கல." மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "கேட்டிருக்கணும். வயசானவங்க பேச்சுன்னு விட்டுட்டேன்."

சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே ஏட்டு தவித்துக்கொண்டிருந்தார். ஒரு உயிர் ஊசலாடும்போது இந்த அம்மா கதைப் புத்தகம் படிக்கிறாளே என்று அவருக்கு ஆற்றாமை. நியாயம்தான். அவளுக்கும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதறினால் சல்லடையில் எல்லாமே ஓடிவிடும்.

நடுப்பக்கங்களில் மாணவர்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குத்தல். காக்காவின் படத்துக்குக் கீழே, 'நோயாளியைப் பார்க்கச் சொன்னால் நோயாளியை வரைவார்.' நிழலின் படம் அச்சில் மங்கி, மீசையும் காதும் மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே, 'வகுப்புக்கு வந்தாரா இல்லையா என்று இவருக்கே சந்தேகம். நான்கு வார்த்தை பேசிய அன்று கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள்.'

அடுத்து, 'புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வழிகாட்டி' என்று ஒரு கேலி வரைபடம். முன்வாசலில் பெட்டி தூக்கிய பெற்றோர். கேன்டீன் கூரையில் மண்டையோடு. பின்வாசலுக்கு எதிரே ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கட்டடம், வாசலில் சக்கரக் கட்டில். அந்தப் பக்கம் வேறு எதுவும் கிடையாது, மதில் மட்டும். மூலையில் காக்கா.

கடைசிப் பக்கங்கள் முழுக்க விளம்பரம். நுண்ணோக்கி விற்பவர், மூக்குக்கண்ணாடிக் கடை, பசியைத் தூண்டும் டானிக், போட்டோ ஸ்டூடியோ. எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயர், கதவு எண், தொலைபேசி. அவற்றுக்கு நடுவே அடக்க ஒடுக்கமாக ஒன்று:

'வெள்ளை உடுப்பு நிலையம். கல்லூரிப் பின்வாசல் எதிரில். வெள்ளைத் துணி மட்டுமே தைக்கப்படும். ஒரு தடவை அளவு எடுத்தால் போதும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட இன்றுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை.'

சல்லடை அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலை தூக்கினாள்.

"இவரோட வகுப்புக்காரங்க வேற யாராவது இருக்காங்களா?"

"குட்டையன்னு ஒருத்தர். நிழல் டாக்டரோட ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவராம். ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தார். முந்தாநாள் போன்ல நிழல் டாக்டர்கிட்டயும் மாமா சொன்னார், 'உன் ரூம்காரன் வர்றான்டா, வேடிக்கை இருக்கு'ன்னு."

"அவர் நம்பரைக் கொடு."

குட்டையனிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. மறுமுனையில் முதலில் சிரிப்பு கேட்டது. காக்கா எங்கே கிடக்கிறார் என்று சொன்னதும் அழுகை கேட்டது.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிழல் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாடி இன்னும் இறங்கிடுச்சு" என்றாள் டியூட்டி டாக்டர்.

சல்லடை மலரை விரித்து நிழலின் மடியில் வைத்தாள். "நீங்க கோட் தைச்ச கடை இதுதானே?"

அவர் முகம் மலர்ந்தது. "அட, இதேதான்! காலையிலகூடச் சொன்னேனே."

"கடைக்குப் பக்கத்துல என்ன இருந்தது?"

"பக்கத்துலயா? ஒரு… தேநீர்க் கடை. சாயங்காலமானா கூட்டம் நெரியும்."

"இல்ல. பிணவறை."

நிழலின் கையிலிருந்த டம்ளர் அசையாமல் நின்றது.

"பின்வாசலுக்கு எதிர்ல பிணவறையைத் தவிர எதுவுமே கிடையாது. பசங்களே வரைஞ்ச படம் இருக்கு, பாருங்க. வெள்ளைத் துணி மட்டும், ஒரே ஒரு அளவு, திரும்பி வந்து குறை சொல்ற ஆள் கிடையாது. இப்படி ஒரு கடையே இல்லைங்க. அந்தக் காலேஜ்ல வருஷா வருஷம் நிஜ விளம்பரங்களுக்கு நடுவுல ஒரு பொய் விளம்பரத்தைச் சொருகுவாங்களாம். புதுசா சேர்ந்தவனைக் கூப்பிட்டு, 'போய் அங்க கோட் தைச்சுக்கிட்டு வா'ன்னு அனுப்புவாங்களாம். அவன் தேடிப் போய்ப் பிணவறை வாசல்ல நிப்பான். அங்க படிச்ச அத்தனை பேருக்கும் தெரிஞ்ச கூத்து இது. குட்டையன் சொன்னார். உங்களுக்கு மட்டும் அந்தக் கடைக்காரன் ஊசி கவ்வுறதுகூட ஞாபகம் இருக்கு."

"வயசாச்சு… ஞாபகம் குழம்பும்…"

"குழம்பும். ஆனா இல்லாத கடையில தைச்சுப் போட்டுக்க முடியாது. நிஜமான நிழல் வெளியூர்லயே செத்துட்டாரா? அவர் சர்டிபிகேட் உங்க கைக்கு எப்படி வந்ததுன்னு அப்புறம் பேசலாம். இவரும் அதே காலேஜ்னு தெரிஞ்சதும் எங்கயோ ஒரு பழைய மலரைத் தேடிப் பிடிச்சு மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. யாருக்கும் ஞாபகம் இல்லாத ஆளா அவர் இருந்தது வசதியாப் போச்சு. மனப்பாடமும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. எது நிஜம், எது நக்கல்னு மட்டும் பிரிக்கத் தெரியல." விளம்பரத்தின் மூலையில் அவள் விரல் வைத்தாள். கொசு அளவில் ஒரு காக்கா. "இதைக் கவனிக்கல பாருங்க. அந்தக் கடையை உண்டாக்கினவர்கிட்டயே போய் அங்கதான் தைச்சேன்னு சொல்லியிருக்கீங்க. அவருக்கு அது சிரிப்பா இருந்தது. உங்களால ஆபத்து வரும்னு அவர் நினைக்கல. ரூம்காரன் வர்றான்னதும் உங்களுக்குத்தான் குலை நடுங்கிடுச்சு. தேநீர் எடுக்கப் போன இடத்துல இந்தப் பொண்ணோட அட்டையைக் காலி பண்ணிக் குப்பையில போட்டுப் பழியை இவ மேல திருப்பிட்டீங்க."

நாத்தனார் எழுந்துவிட்டாள். "டாக்டர் அங்கிள்? என்ன சொல்றாங்க இவங்க?"

தாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இருபது வருஷம் வைத்தியம் பார்த்திருக்கேன்மா. நிஜ டாக்டர்கிட்ட கம்பவுண்டரா இருந்தவன். என் கையால ஒருத்தர்கூடச் செத்ததில்ல."

"இன்னிக்குச் சாகப்போறார்." சல்லடை அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "தேநீர்ல என்ன கலந்தீங்க? அவர் செத்தா கொலை. பிழைச்சா கொலை முயற்சி. உங்க வாயிலதான் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்கய்யா!"

சுவரோடு நின்ற மருமகள் ஓடி வந்து அந்த ஆளின் காலில் விழுந்தாள். அவளே எதிர்பார்க்காமல் விழுந்தாள். "சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க மாமாவைக் கொடுத்துடுங்க."

அவன் அவளைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். இதயத் துடிப்பைத் தணிக்கிற ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னான். எவ்வளவு பொடித்தான் என்பதையும் சொன்னான். கடைசி வார்த்தையைக் கேட்க டியூட்டி டாக்டர் அங்கே இல்லை, உள்ளே ஓடியிருந்தாள்.

ஏட்டு விலங்கை எடுத்தார். நாத்தனார் மருமகளைத் தூக்கி நிறுத்த வந்தாள். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மருமகள்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை கிழவரின் இமை அசைந்தது. மருமகள் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக உடுத்தியிருந்த அதே சேலை.

"தேநீர் எங்கம்மா?" என்றார். குரல் காற்றாக வந்தது.

அவள் நிமிர்ந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"நிழல் எங்க?"

"ஜெயில்ல மாமா."

கிழவர் கூரையைப் பார்த்தார். கண்ணோரத்தில் நீர் கோத்தது. சிரித்ததாலா, இரண்டு மாதம் தன்னோடு உட்கார்ந்து பழங்கதை பேசியவனை நினைத்தா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பரவால்ல விடு" என்றார். "அங்கயாவது அவனுக்கு நிஜமாவே அளவெடுத்து வெள்ளை உடுப்பு தைச்சுக் கொடுப்பாங்க."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தின நாள் முழுக்க அடக்கி வைத்த அழுகை பீறிட்டது. கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள், கிழவரின் கை தடவித் தடவி வந்து அவள் தலையைக் கண்டுபிடித்தது.