மிஞ்சிப்போன போல்ட்டு

நான் தோசை மாவுக்குள் வண்டிச் சாவியைப் போட்டது உண்மைதான். கை தவறியெல்லாம் விழவில்லை, வேண்டுமென்றேதான் போட்டேன். ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, அப்புறம் யாரைத் திட்டலாம் என்று முடிவு செய்யுங்கள்.

என் பெயர் நசீம். எங்கள் வீடு கம்பத்தில். 2003ஆம் வருஷம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று குமுளியில் மாமா வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து. சமையலுக்கு உதவி செய்ய அம்மா முந்தின நாளே பஸ் ஏறிப் போய்விட்டார். நானும் தம்பி அஷ்ரபும் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, மோட்டார் சைக்கிளில் போவதாக ஏற்பாடு. மலைப்பாதையில் வண்டியில் போக வேண்டும் என்று நான் ஒரு மாதமாகத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அத்தாவின் வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். பிரேக் பிடித்தால் கன்றுக்குட்டி போலக் கத்தும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் போதும், அத்தாவுக்கு ரோஷம் வந்துவிடும்.

"ஒரு பிரேக் ஷூ மாத்த ஒர்க்‌ஷாப்பா? நானே மாத்துவேன்!" என்றார்.

துணைக்கு வந்தார் பக்கத்து வீட்டு மலைச்சாமி மாமா. திராட்சைத் தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். மோட்டார் தெரிந்தால் உலகத்தில் எல்லா இயந்திரமும் தெரிந்த மாதிரி என்பது அவருடைய நினைப்பு.

காலை ஏழு மணிக்குப் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். கழற்றியதையெல்லாம் பழைய பேப்பரில் பரப்பினார்கள். ஊர்க்கதை பேசினார்கள், டீ குடித்தார்கள், திரும்ப மாட்டினார்கள். மணி பத்து ஆகிவிட்டது.

நான் புதுப் பாவாடை சட்டையோடு தயாராக நின்றேன். குப்பையை எடுப்போமே என்று பேப்பரைத் தூக்கினேன். என் கால் விரல் மேல் 'ணங்' என்று என்னமோ விழுந்தது. நட்டு மாட்டிய ஒரு போல்ட்டு!

"அத்தா! ஒரு போல்ட்டு மிஞ்சிருச்சு!"

மலைச்சாமி மாமா சிரித்தார். "எதக் கழட்டி மாட்டுனாலும் ஒண்ணு ரெண்டு மிஞ்சத்தேன் செய்யும் ஆத்தா. நான் பாக்காத மோட்டாரா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் பழுதுபார்த்த மோட்டார்களெல்லாம் என்ன கதியில் ஓடுகின்றனவோ?

"அது பழைய டப்பாவுல கெடந்ததா இருக்கும்," என்றார் அத்தா. பெடலை மிதித்துக் காட்டினார். "பாரு, பிரேக்கு எப்படிப் புடிக்குது! சத்தமே இல்ல."

"டப்பாவுல கெடந்தா துருப்புடிச்சுல்ல இருக்கும்? இது தேஞ்சு பளபளன்னு இருக்கே அத்தா. இது வண்டில இருந்ததுதான். அப்ப எங்கயோ ஒரு ஓட்டை காலியா இருக்கணும்ல?"

"நேரமாச்சு, பேசாம செருப்ப மாட்டு," என்று சொல்லிவிட்டு அத்தா முகம் கழுவப் போனார். அதற்குள் அஷ்ரப் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து 'டுர்ர்ர்' என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து வயது.

குமுளிக்குப் போக, அடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டினால் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும். அஷ்ரபைப் பார்த்தேன்.

சாவி சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கியது. பக்கத்திலேயே மாவுச் சட்டி. யோசிக்கவே இல்லை. 'பொளக்!'

"யா அல்லா!" என்று அத்தா அலறினார். கையில் துண்டோடு வாசலில் நின்றிருந்தார்.

மலைச்சாமி மாமா ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே! பொங்குன மாவுல போய்ச் சாவியப் போட்டுட்டாளே!"

அத்தா வேகமாகச் சட்டிக்குள் கையை விடப் போனார். முகம்தான் சுத்தமாக இருந்தது. முழங்கை வரை கிரீஸ்.

"நாளைக்கு விடிய சுடணும்னு அம்மா ஆட்டி வச்சுட்டுப் போயிருக்காக," என்றேன்.

அத்தாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மாமாவைப் பார்த்தார். மாமா தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மோசம். இரண்டு பேரும் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு அந்த நேரம்தான் வேண்டும். புதுப் பாவாடையோடு தரையில் படுத்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கிரீஸ். காலி ஓட்டை கண்ணில் படவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

அத்தா சாவியோடு வந்தார். சாவியிலிருந்து மாவு சொட்டியது. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"உனக்கு என்ன கேடு வந்துச்சு? நீ விருந்துக்கே வர வேணாம். மலைச்சாமி மாமா வீட்ல இரு. நானும் தம்பியும் போயிட்டு வர்றோம்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இருந்தாலும் விடவில்லை. "நான் வரல அத்தா. தம்பியக் கூட்டிட்டுப் போகாதீக. நின்ன வண்டில மிதிச்சா என்ன தெரியும்? சக்கரத்தச் சுத்த விட்டு ஒரே ஒரு தடவ பிரேக் புடிச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா நான் வாயே தெறக்க மாட்டேன்."

"காட்டிருவோம் மாப்ள. புள்ள அழுகுதுல்ல," என்றார் மாமா.

அத்தா அஷ்ரபை இறக்கிவிட்டார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்தார். எஞ்சின் ஓடியது. கியர் போட்டதும் பின்சக்கரம் அந்தரத்தில் விர்ரென்று சுற்றியது.

"நல்லாப் பாத்துக்க," என்று சொல்லி அத்தா பிரேக்கை மிதித்தார்.

டமார்!

வண்டி குலுங்கியது. பிரேக் கம்பி வில்லாக வளைந்தது. சக்கரக் கம்பிகள் இரண்டு பட்பட்டென்று அறுந்தன. சக்கரம் இறுகி நின்றது. எஞ்சின் இருமி அணைந்தது. அஷ்ரப் வீலென்று கத்தி என் காலைக் கட்டிக்கொண்டான்.

மாமாதான் குனிந்து துணியால் கிரீஸைத் துடைத்தார். சக்கரத்தின் ஓரம் ஒரு இரும்புப் பட்டை. அதன் நுனியில் ஒரு ஓட்டை. அவர் சுண்டுவிரல் அதற்குள் போனது.

"மாப்ள..." மாமா அத்தாவை நிமிர்ந்து பார்த்தார். "பிரேக்குத் தட்டு சுத்தாம புடிச்சு நிறுத்துறது இந்தப் பட்டதேன். இதுல நம்ம போல்ட்டே போடல. மலப்பாதையில மட்டும் இது..."

மிஞ்சிய போல்ட்டை எடுத்து, நட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் விட்டார், கச்சிதமாகப் பொருந்தியது.

அத்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அஷ்ரபை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் நெளிந்தும் விடவில்லை. வண்டி போட்ட சத்தத்தைவிட அந்தப் பிடியைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

மூவரும் பஸ்ஸில் குமுளிக்குப் போனோம். மலையில் பஸ் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது பெயர் வைத்து முடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அம்மா என் பாவாடையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டார்.

"இதென்னடி கோலம்? ஒன்னாலதான லேட்டு?"

"புள்ளய ஒண்ணும் சொல்லாத," என்றார் அத்தா. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தப்பு என்னோடது. போல்ட்டு மிஞ்சுதுன்னு இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேக்கல. இவ மட்டும் தடுக்கலேன்னா நாங்க வந்து சேந்துருக்க மாட்டோம்."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். அத்தா தன் வாயால் தப்பு என்று சொல்லி யாருமே கேட்டதில்லை. அம்மா திகைத்துப்போய், மெல்ல வந்து அத்தாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

காய்ச்சல் இல்லை. அத்தா நன்றாகத்தான் இருந்தார். அஷ்ரப் அதற்குள் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் கை வைத்துவிட்டான். மூன்று பேரும் முழுசாக வந்து சேர்ந்திருந்தோம்.