நெதர்லாந்து இருந்த இடத்தில்

நெதர்லாந்து இருந்த இடத்தில் ரேணிகுண்டா என்று இருந்தது.

தாட்சாயணி மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கம்ப்யூட்டர் பிரவுசரின் மேலே, இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் ஓடுகிறது என்று சொல்லும் சின்ன நீலச் சதுரம். முன்பெல்லாம் அதைத் தொட்டால் நாடுகளின் பெயர்கள் வரும். நெதர்லாந்தைத் தொட்டுவிட்டால் போதும், புத்தூரில் மாடி வீட்டில் உட்கார்ந்திருப்பவள் ஐரோப்பாவில் இருப்பதாக ஊர் உலகம் நம்பிவிடும். இன்று தொட்டால் ஒரே ஒரு வரிதான் வந்தது. ‘உங்களுக்கு ஏற்ற இடத்தை இனி நாங்களே தேர்ந்தெடுப்போம்.’ தேர்ந்தெடுத்த அழகைப் பார், கட்டையில் போகிறவர்கள்.

அவளுக்கு இது விளையாட்டில்லை. புருஷன் சிட்டிபாபு சித்தூரில் வீடு வீடாக இன்டர்நெட் லைன் இழுப்பவன். எந்த மெயில் எந்த ஊரிலிருந்து போனது என்று மோப்பம் பிடித்துவிடுவான். முதல் தடவை அவள் ஓடிப்போய் நகரியில் அக்கா வீட்டில் ஒளிந்தபோது ஒரே ஒரு மெயில்தான் அனுப்பினாள். மறுநாள் காலையில் வாசலில் நின்றான். இரண்டாம் தடவை, துரத்தி வந்தவனின் கைமேல் கதவை அறைந்து சாத்திவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். விரல்கள் நொறுங்கிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. மகள் காவ்யா இப்போது திருப்பதியில் ஒரு விடுதியில் படிக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது. அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று காவ்யாவுக்கும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் விடுதிக் கம்ப்யூட்டரில் அவள் உட்காரும்போது மட்டும் இருவரும் எழுதிக்கொள்வார்கள்.

இன்று சனிக்கிழமை. மழை பிடித்து, மத்தியானமே விளக்குப் போடும்படி இருட்டிக்கொண்டு வந்தது. கீழ் அறைகளில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வந்தவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். முட்டை வெள்ளையும் பச்சிலையும் ஊறிய துணியின் கவிச்சை வாடை ஈரக்காற்றோடு படியேறி வந்து, கதவிடுக்கில் நுழைந்து, குடிக்கும் தண்ணீரில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கை உடைந்தவன் இந்தப் பக்கத்தில் எங்கே வருவான் என்று யோசிக்காமல், எலும்பு கட்டுகிற ஊரிலேயே வீடு பிடித்த தன் புத்தியை அவள் தினமும் திட்டிக்கொள்கிறாள்.

இந்த பிரவுசரைப் போட்டுக் கொடுத்த தோழி ஸ்ரீதேவிக்குப் போன் செய்தாள்.

"எனுக்கும் அந்த எழவு அப்டேட் வந்துச்சிக்கா. நாடு மாத்துற பட்டனத் தூக்கிட்டு, நமக்கு நல்லது பண்றானுங்களாம்."

"உனுக்கு இன்னா ஊரு காட்டுது?"

"ஊரா? ஊரெல்லாம் காட்டாதுக்கா. ஆசியான்னு மட்டும்தான் போட்டுக்கீது."

தாட்சாயணி போனை வைத்தாள். பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. உதவிப் பக்கத்தைத் திறந்தாள்.

‘வணக்கம்! உங்கள் அனுபவத்தை எளிமையாக்கியிருக்கிறோம்.’

யார் கேட்டார்கள் இவர்களை? தட்டச்சு செய்யும் பொறுமை போய், மைக்கை அழுத்திக் கத்தினாள். "நீங்க ஒண்ணும் எனுக்கு ஊரு பொறுக்க வேணாம். பழையபடி உடுங்க. வத்துரா! வத்துரா!"

கோபம் தலைக்கேறினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். வேண்டாம்டா என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். தமிழ் மட்டுமே தெரிந்த மைக் தனக்குக் கேட்டதை எழுதியது.

‘வந்துரு. வந்துரு.’

அழிப்பதற்குள் போய்விட்டது.

‘நன்றி. இதோ வருகிறோம்.’

நீலச் சதுரத்தில் ரேணிகுண்டா மறைந்து பூடி என்று வந்தது. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூருக்கு வரும் ரயில் பாதையில் அடுத்த ஸ்டேஷன். அவள் அந்தச் சதுரத்தை அணைக்கப் பார்த்தாள். அணைக்கும் பட்டனையும் எடுத்திருந்தார்கள். பிரவுசரை மூடினாள், தானாகத் திறந்துகொண்டது. கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்கும் செல்போனில் அதை நிறுத்தினாள், செல்போனையே அணைத்தாள். கம்ப்யூட்டருக்கு இப்போது வெளியுலகத்தோடு ஒரு நூல்கூடக் கிடையாது.

அதற்கடுத்த ஸ்டேஷன், தடுக்கு என்று மாறியது.

தண்டவாளம் வீட்டுக்குப் பின்னால்தான். வண்டி வரும்போது ஜன்னல் கம்பிகள் முதலில் அதிரும், பிறகு தட்டுமுட்டுச் சாமான், அப்புறம்தான் சத்தம். கம்பிகள் அதிர ஆரம்பித்தன. டம்ளர் மேசையில் நகர்ந்தது. சத்தம் மட்டும் வரவேயில்லை.

புத்தூர்.

தாட்சாயணி ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். படியில் யாரோ ஏறினார்கள். நிதானமாக. வெளியே வாடை கெட்டியானது. முட்டை. பச்சிலை. அதற்கு அடியில் வேறு ஏதோ, பல நாளாகக் கட்டவிழ்க்காத சதையின் வாடை.

காலடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம்.

அவள் மூச்சை அடக்கினாள். தட்டுவான். உதைப்பான். கத்துவான். உள்ளே மட்டும் விடமாட்டாள், செத்தாலும் காவ்யா எங்கே என்று சொல்லமாட்டாள்.

யாரும் தட்டவில்லை.

டக்.

சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது.

டக். டக்.

திரும்பினாள். நாற்காலியில் யாருமில்லை. கம்ப்யூட்டரில் காவ்யாவுக்கு எழுதும் மெயில் திறந்திருந்தது. கீபோர்டில் ஒரு எழுத்து தானாக அமுங்கியது. மேலே வந்தபோது அதன்மேல் கோழை மாதிரி முட்டை வெள்ளை இழுத்துக்கொண்டு நின்றது. மெயிலில் ஒரே ஒரு சொல். அவள் வாயிலிருந்து போன அதே சொல்.

‘வந்துரு.’

அனுப்பப்பட்டது.

"வத்துரா," என்றாள். கால்கள் அசையவில்லை.

உடனே பதில் வந்தது. எவ்வளவு நாளாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தாளோ, குழந்தை.

‘நிஜமாவா அம்மா? இப்பவே கெளம்பறேன். எந்த ஊருக்கு வரணும்?’

எழுத்துகள் அமுங்கத் தொடங்கின. நொறுங்கிய விரல்களுக்கு வலிக்கும்போல. மெதுவாக, ஒவ்வொன்றாக.

பு.

த்.